உடலுக்கு உவமை சொன்ன ஆசிரியர்

நல்லாசிரியன் எத்தகையன் என்று சொல்லப் புகுந்த நன்னூலார், நிலம், மலை, நிறைகோல், மலர் என்னும் நான்கு பொருள்களைக் கொண்டுவந்து நம்முன் வைத்தார். பொறுமை, பெருமை, நடுவுநிலைமை என்று பண்புப் பெயர்களை மட்டும் அவர் அடுக்கியிருந்தால், அவை ஏட்டோடு நின்றிருக்கும். நிறைகோலை ஒருமுறை கண்ட மாணாக்கன் நடுவுநிலைமையை மறப்பதில்லை. கற்பித்தலில் உவமைக்குள்ள இடம் இது. செய்யுளை அழகு செய்வது உவமையின் ஒரு தொழில். அறியாத ஒன்றை அறிந்த ஒன்றோடு கட்டித் தருவது அதன் தலையாய தொழில்.

நான் இலக்கணம் கற்பிப்பவன், உடற்பயிற்சி கற்பிப்பவனல்லேன். ஆயினும், உடலுக்குப் பாடஞ் சொன்ன ஒருவருடைய வரலாற்றைச் சில காலமாக விரும்பிப் படித்து வருகிறேன். அவ்வரலாற்றினுள்ளே ஆசிரியர் அனைவருக்கும் பொதுவான ஒரு வினா இருக்கிறது. கையை உயர்த்து என்றால் மாணாக்கன் உயர்த்திவிடுவான். முதுகெலும்பின் கணுக்களை ஒவ்வொன்றாக நிலத்திற் படியவிடு என்றால் அவன் யாது செய்வான்? தன் முதுகை அவன் கண்டதில்லை. அதன் கணுக்களை எண்ணியதுமில்லை. கண்ணுக்குப் புலப்படாத ஓருறுப்பை எந்தச் சொல்லால் அசைப்பது?

இவ்வினாவோடு வாழ்நாள் முழுவதும் மல்லாடியவர் யோசப் பிலாற்றிஸ். அவர் பெயர் இன்று ஒரு பயிற்சியின் பெயராகிவிட்டது. அந்தப் பயிற்சியைச் செய்வோர் பலர். அந்த மனிதரை அறிந்தோர் சிலர்.

1883-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 9-ஆம் நாள், ஜேர்மனியில், நெசவுத்தொழிலாற் பெயர்பெற்ற மொன்சன்கிளாட்பாக் என்னும் நகரிலே அவர் பிறந்தார். தந்தையார் உலோகவேலை செய்பவர்; உடற்பயிற்சியிலும் ஈடுபாடுடையவர். பிள்ளையோ நோஞ்சான். ஈளையும், எலும்பை வளைக்கும் கணைநோயும், மூட்டுவாதக் காய்ச்சலும் தம் இளமையை வருத்தின என்று பிலாற்றிஸ் பிற்காலத்திற் சொல்லிவந்தார். மூச்சு வாங்கும் பிள்ளைக்கு மூச்சே முதற்பாடமாகும். பிறர் எண்ணாமற் செய்வதை அவர் எண்ணிச் செய்யவேண்டியிருந்தது. இந்தக் கட்டாயமே பின்னர் அவருடைய கொள்கையாயிற்று.

உடலை வருத்திப் பழகி உரம்பெற்ற அவர், முதலாம் உலகப்போருக்குச் சற்று முன்னர் இங்கிலாந்து சென்றார். 1914-இற் போர் மூண்டது. ஜேர்மனியர் ஆகையால் பகைநாட்டவர் என்று சிறைப்படுத்தப்பட்டார். 1915 முதல், மான் என்னும் பெயருடைய தீவிலே, நொக்கலோ முகாமிற் போர் முடியும்வரை இருந்தார். முட்கம்பி வேலிக்குள்ளே 20,000-க்கும் மேற்பட்டோர் அடைபட்டுக் கிடந்த முகாம் அது. அங்கே அவர் உடன்சிறையாளருக்குப் பயிற்சி கற்பித்தார் என்றும், உண்ண ஒன்றும் இல்லாத நிலையிலும் உடலை நீட்டி நெளித்துத் துடிப்போடு திரிந்த பூனைகளை உற்றுநோக்கினார் என்றும், எழமாட்டாத நோயாளரின் கட்டிலிலே சுருள்வில்லைப் பூட்டிப் படுத்தபடியே அவர்கள் கைகால்களை இயக்கச் செய்தார் என்றும் அவருடைய மாணாக்கர் வழியாகச் செய்திகள் வழங்குகின்றன. செவிவழிச் செய்தி வளரும் இயல்புடையது. ஆயினும் அவர் பிற்காலத்திற் செய்த கருவிகளைப் பார்ப்போருக்கு ஒன்று விளங்கும். அவற்றுள் ஒன்று, நான்கு தூண் நிறுத்திச் சுருள்வில் தொங்கவிட்ட கட்டிலே.

போர் முடிந்தபின் ஜேர்மனிக்கு மீண்டார். 1926-இல் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். அப்பயணத்திலே கிளாரா என்னும் பெண்மணியைச் சந்தித்தார். இருவரும் நியூயோர்க் நகரில், எட்டாம் அவெனியூவில், 939-ஆம் இலக்கக் கட்டடத்திலே ஒரு பயிற்சிக்கூடம் அமைத்தனர். சட்டத்தினுள்ளே சறுக்கி ஓடும் பலகையையுடைய அவரது கருவிக்கு 1927-இல் அமெரிக்க உரிமைப்பத்திரம் கிடைத்தது. தம் முறைக்கு அவர் இட்ட பெயர் கொன்ட்ரோலஜி. மனம் உடலை முற்றாக ஆளும் கலை என்பது அதன் கருத்து. தசையைப் பருக்கச் செய்வது அவர் நோக்கமன்று. ஓர் அசைவைப் பல நூறு முறை செய்வதிலும், மனம் பதியச் சில முறை செய்வதே மேல் என்பது அவர் துணிபு.

அந்நகரின் நடனக் கலைஞர் அவரை நாடி வந்தனர். மார்தா கிரகாம், ஜோர்ஜ் பலஞ்சீன் ஆகிய நடனப் பேராசிரியர்கள் காயமுற்ற தம் மாணாக்கரை அவரிடம் அனுப்பினர். முழங்கால் நொந்தவரும், கணுக்கால் பிறழ்ந்தவரும், முதுகு பிடித்தவரும் அக்கூடத்தின் படியேறினர். ஆடமுடியாது போனால் அவர்களுக்குச் சோறில்லை. ஆகவே அங்கே கற்பித்தல் விளையாட்டன்று; ஒரு சொல் தவறினால் ஒருவருடைய பிழைப்புத் தவறும்.

அவர் எவ்வாறு கற்பித்தார்? இங்கேதான் என் கவனம் சென்றது. பிலாற்றிஸ் சொல்வளம் படைத்தவரல்லர். அவருடைய ஆங்கிலம் ஜேர்மன் ஒலி கனத்த ஆங்கிலம். நெடிய விளக்கம் அவருக்குக் கைவரவில்லை. அதில் விருப்பமும் இல்லை. மாணாக்கரின் முதுகிலே கையை வைப்பார், தோளை அழுத்துவார், வயிற்றிலே தட்டுவார், பிழை கண்டால் உரத்து அதட்டுவார். ஏடு தொடக்கும்போது பிள்ளையின் விரலைப் பிடித்துப் பச்சையரிசியில் எழுத்தை வரைவிக்கிறோமே, அதனைப் போன்றது அவர் முறை. சொல்லினும் தொடுகையே அங்கு ஆசிரியன்.

கிளாரா அம்மையார் வேறு வகையினர். நோயுற்றோரும் அஞ்சியோரும் அவரைத் தேடினர். மாணாக்கரின் உடல் தாங்குமளவை அறிந்து, பயிற்சியை அதற்கேற்ப மாற்றி, மென்மையாகச் சொல்லித் தருவார். ஒருவர் கட்டளையாலும், ஒருவர் கனிவாலும் ஒரே பாடத்தைக் கற்பித்தனர் எனலாம்.

ஆயினும், சொல்லிற் சுருங்கிய பிலாற்றிஸ் உவமையிற் சுருங்கியவரல்லர். 1945-இல் வில்லியம் மில்லர் என்பவரோடு சேர்ந்து அவர் வெளியிட்ட நூலில் 34 பயிற்சிகள் உள. அவற்றின் பெயர்களைப் பாருங்கள். வாள், கத்தரிக்கோல், மிதிவண்டி, அன்னம், கடல்நாய், நீந்துதல் என்று அவை செல்கின்றன. கால்களை அகற்றி நிமிர்ந்திருந்து, இடுப்புக்கு மேலே உடலைத் திருப்பி, ஒரு கையின் சிறுவிரலை எதிர்க்காலின் சிறுவிரற் பக்கமாக நீட்டிச் செல்லும் பயிற்சிக்கு வாள் என்று பெயர். இங்கு வாள் என்றது மரம் அரியும் வாளை. அந்தப் பெயரைக் கேட்ட அளவிலே கை எப்படிச் செல்லவேண்டும், எவ்வளவு சீராகச் செல்லவேண்டும் என்பது மாணாக்கனுக்குத் தெரிந்துவிடுகிறது.

தொல்காப்பியர் உவமையை வினை, பயன், மெய், உரு என நால்வகைப்படுத்துவர். நிறங்குறித்த உரு உவமம் உடற்பயிற்சிக்கு உதவுவதன்று. எஞ்சிய மூன்றும் பிலாற்றிஸின் பாடத்திலே உள. வாளும் கத்தரிக்கோலும் வினை பற்றியவை. அன்னம் வடிவு பற்றியது. பயன் பற்றிய உவமைக்கு அவர் நூலிலே ஓர் அரிய சான்று உண்டு. மூச்சை வெளிவிடும்போது நுரையீரலில் ஒரு சிறிதும் எஞ்சாதபடி விடவேண்டும் என்பது அவர் விதி. இதனை விளக்க, ஈரத்துணியைச் சொட்டு நீரும் எஞ்சாமற் பிழிவதை அவர் காட்டினார். விலாவெலும்பிடைத் தசை இன்னது, உதரவிதானம் இன்னது என்று ஒரு நாழிகை விளக்கினாலும் மாணாக்கனின் மூச்சு மாறாது. ஈரத்துணியைப் பிழியாதவர் நம்முள் எவர்? கேட்டவுடன் கை அறிந்ததை மார்பு செய்துவிடுகிறது.

இஃது எவ்வாறு நிகழ்கிறது? நடக்கும்போது நாம் தசைகளை ஒவ்வொன்றாக ஏவுவதில்லை. எங்கே செல்லவேண்டும் என்று மனம் எண்ணுகிறது. எந்தத் தசை எப்போது சுருங்கவேண்டும் என்பதை நரம்புமண்டலம் தானே வகுத்துக்கொள்கிறது. தசையைப் பெயர்சொல்லி ஏவினால், ஓடும் தேரின் அச்சிற் கைவைத்தது போலாகும். காட்சியைத் தந்தாலோ, உடல் தன் வழியைத் தானே காணும். இதனை மேபல் ரொட் என்னும் அம்மையார் அதே நியூயோர்க் நகரிலே கற்பித்து, 1937-இல் சிந்திக்கும் உடல் என்னும் பொருள்தரும் பெயரோடு ஒரு நூலாக வெளியிட்டார். அவர் மாணவி லூலு சுவைகார்ட், அசையாமற் படுத்திருந்து அசைவை மனத்திலே காணும் முறையை நடன மாணாக்கருக்குக் கற்பித்து, தம் ஆய்வுகளை 1974-இல் நூலாக்கினார்.

1998-இல் காபிரியேலே வுல்ப் என்பாரும் அவர் துணைவரும் ஒரு சோதனை நடத்தினர். பனிச்சறுக்கல் பழக்கும் ஒரு கருவிமேல் மாணாக்கரை நிறுத்தி, சிலரைத் தம் பாதத்தின் விசையிற் கவனம் வைக்கச் சொன்னார்கள். வேறு சிலரைப் பாதத்தின் கீழுள்ள சக்கரங்களின்மேற் கவனம் வைக்கச் சொன்னார்கள். பாதத்துக்கும் சக்கரத்துக்கும் இடைவெளி மிகச் சிறிது. ஆயினும் சக்கரத்தை எண்ணியவரே நன்கு கற்றனர். தன் உறுப்பை நோக்கிய கவனத்திலும், தன் செயலின் விளைவை நோக்கிய கவனம் சிறந்தது என்பது அதனாற் புலனாயிற்று. பிலாற்றிஸ் அதனைக் காண இருக்கவில்லை. ஈரத்துணி உவமையைச் சொன்னபோது அவர் அவ்வழியிலேதான் நின்றார்.

உவமைக்கு இவ்வளவு ஆற்றல் உண்டெனின், அது தீங்கு செய்யும் ஆற்றலும் ஆகும். இதற்கும் பிலாற்றிஸே சான்று. பிறந்த குழந்தையின் முதுகு நேராயிருக்கிறது. ஆகவே வளர்ந்தோர் முதுகும் நேராயிருத்தலே இயற்கை என்று அவர் நம்பினார். 1934-இல் வெளியிட்ட தம் நூலில் அதனை வற்புறுத்தினார். குழந்தை அவருக்கு ஓர் உவமை. மூச்சிலும் நெகிழ்விலும் அவ்வுவமை அவருக்கு நல்வழி காட்டியது. முதுகெலும்பிலே வழி பிறழச் செய்தது. குழந்தை தலையெடுக்கும்போது கழுத்திலும், எழுந்து நடக்கும்போது இடுப்பிலும் வளைவுகள் உறுதிப்படுகின்றன. நிமிர்ந்து நிற்கும் உடலின் பாரத்தைத் தாங்க அவ்வளைவுகள் வேண்டும். இன்றைய ஆசிரியர் பலர், பல பயிற்சிகளிலே அந்த இயல்பான வளைவைக் காத்தே கற்பிக்கின்றனர். ஒரு பொருளின் ஒரு கூறு ஒத்தால் எல்லாக் கூறும் ஒக்கும் என்று கொள்ளுதல் தவறு. மதிபோன்ற முகம் என்றால் முகத்திற் களங்கம் தேடலாகாது என்று நாம் வகுப்பிற் சொல்வதில்லையா? உடலைப் பற்றிய உவமையில் அந்தத் தவறு எலும்பிலே சென்று தைக்கும்.

தொப்புளை முதுகெலும்போடு ஒட்டவை என்னும் குறிப்பு, இப்பயிற்சிக் கூடங்களிற் பெருவழக்கு. ஓரளவிலே அது பயன்தரும். அதனையே ஓயாது கேட்ட மாணாக்கன் வயிற்றை இறுக்கி மூச்சை அடக்கிக்கொள்கிறான். மூச்சுக்காகத் தோன்றிய கலையிலே மூச்சு நின்றுபோகிறது. சொல் பழகிவிட்டால் காட்சி மறையும். காட்சி மறைந்த உவமை வெறுங் கட்டளையாகும்.

இனி, பிலாற்றிஸின் கையிலிருந்த பாடத்தைச் சொல்லாக்கிய இரு மாணவியரைச் சொல்லவேண்டும். ஒருவர் ஈவ் ஜென்ட்ரி. நடனக் கலைஞரான அவர், மார்பகச் சத்திரசிகிச்சைக்குப்பின் கையின் இயக்கத்தை இப்பயிற்சியாலே மீளப் பெற்றவர். நிலத்தில் மல்லாந்து கிடந்து, முதுகெலும்பு கணுக்கணுவாகக் கீழே படிந்து தன் சுவட்டைப் பதிப்பதாக எண்ணச் செய்வது அவர் பரப்பிய முறை. வற்புறுத்தல் அதிலே இல்லை. ஈர மணலிற் கிடப்பவன் சுவட்டைப் பதிக்க முயல்வதில்லை. பாரத்தை விட்டால் சுவடு தானே பதியும். நான் தொடக்கத்திற் கேட்ட வினாவுக்கு இதுவே விடை. காணாத முதுகுக்கு அவர் கண்ட மணலைக் காட்டினார்.

மற்றவர் கதலீன் கிராண்ட். முழங்காற் காயத்தோடு பிலாற்றிஸிடம் வந்து, அவரிடமே பயின்று, ஆசிரியராகும் சான்றிதழும் பெற்ற மிகச் சிலருள் ஒருவர். நியூயோர்க் பல்கலைக்கழகத்தில் நடன மாணாக்கருக்கு நெடுங்காலம் கற்பித்து, 2010-இற் காலமானார். கதை சொல்லியும், பாட்டை முணுமுணுக்கச் செய்தும், அவரவர் உடலுக்கேற்ற காட்சியைப் புனைந்தும் கற்பித்தவர் என்று அவர் மாணாக்கர் போற்றுவர். முணுமுணுக்கும் வாய் மூச்சை அடக்கமாட்டாது. மூச்சை அடக்காதே என்னும் கட்டளைக்குப் பதிலாக ஒரு பாட்டு அங்கே நின்றது.

பிலாற்றிஸின் இறுதிக் காலம் மனநிறைவோடு கழிந்ததென்று சொல்வதற்கில்லை. தம் முறையை மருத்துவ உலகம் ஏற்றுப் பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் பரப்பவேண்டும் என்று அவர் பெரிதும் விரும்பினார். அது நிகழவில்லை. குளிர்காலப் பனியிலும் அரைக்காற்சட்டையோடு நின்று தம் உடலையே சான்றாகக் காட்டும் முதியவரை அக்காலத்து நிழற்படங்களிற் காணலாம். உடலைக் காட்டினார்; கையாற் காட்டினார்; ஆனால் கை மனிதரோடு போய்விடும். 1967-ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம், தமது 83-ஆம் வயதில், நியூயோர்க் நகரிலே அவர் காலமானார். கிளாரா அம்மையார் சில காலம் கூடத்தைக் காத்து, 1977-இல் மறைந்தார்.

அந்தக் கலை அவரோடு மறையாதது ஏன்? மாணாக்கர் அதனைச் சொல்லாக்கினார்கள். 1980-இல் பிரீட்மன், ஐசன் என்னும் இருவர் எழுதிய நூல், மனவொருமை, கட்டுப்பாடு, நடுவம், ஓட்டம், நுட்பம், மூச்சு என்று அதன் கோட்பாடுகளை ஆறாக வகுத்தது. அந்த ஆறும் பிலாற்றிஸ் தாமே வகுத்தவை என்று பலர் கருதுவர். அவர் பாடத்தைக் கண்டு பின்னோர் வகுத்தவை அவை. இலக்கியம் கண்டதற்கு இலக்கணம் இயம்பிய மரபு அங்கும் உண்டு. 2000-ஆம் ஆண்டில் அமெரிக்க நீதிமன்றமொன்று, பிலாற்றிஸ் என்பது ஒருவகைப் பயிற்சியைக் குறிக்கும் பொதுப்பெயரே, எவரும் தமக்கே உரிமையாக்க இயலாது என்று தீர்த்தது. ஒரு மனிதரின் இயற்பெயர் அன்று சட்டப்படி பொதுப்பெயராயிற்று.

இவ்வரலாற்றிலிருந்து ஆசிரியர்க்கு நான் எடுத்துவைப்பன சில. உவமை மாணாக்கனுடைய வாழ்க்கையிலிருந்து வருதல் வேண்டும். கடல்நாயை அறியாதவனுக்குக் கடல்நாய் உதவாது. அன்னத்தைச் செய்யுளில் மாத்திரம் அறிந்த நம் பிள்ளையிடம் அன்னம்போலாகு என்றால், அவன் பாலையும் நீரையும் பிரிக்க நிற்பான், மார்பை உயர்த்தமாட்டான். ஒரு வேளைக்கு ஓர் உவமை போதும். மூன்று காட்சிகளை ஒருங்கே காட்டினால் உடல் எதனையும் காணாது. சொல்லியபின் ஆசிரியன் வாய்மூடி இருத்தல் வேண்டும். சொல் உள்ளே சென்று சேர ஒரு மூச்சளவாவது காலம் வேண்டாவா? பின்னர், எங்கே எதனை உணர்ந்தாய் என்று மாணாக்கனையே கேட்டல் வேண்டும். அவன் தரும் விடையிலே அடுத்த உவமை இருக்கும். தேய்ந்தது, முறிந்தது, கழன்றுவிடும் என்பன போன்ற அச்சந்தரும் சொற்களை உடலின்மேற் போடலாகாது. அவையும் காட்சிகளே, உடல் அவற்றையும் நம்பிவிடும். அசைவு கைவந்தபின் உவமையை விட்டுவிட வேண்டும். எழுத்துப் பழகிய பிள்ளையின் விரலை எவரும் பிடித்துக்கொண்டிருப்பதில்லை.

அதட்டிக் கற்பித்த அந்த மனிதரின் குரல் இன்று இல்லை. அவர் தட்டிக் காட்டிய தோள்களும் பெரும்பாலும் மண்ணாயின. ஆயினும், அவரை ஒருபோதும் கண்டிராத ஓர் ஆசிரியை, எங்கோ ஒரு நகரில், மூச்சு முட்டி நிற்கும் ஒரு மாணாக்கனிடம் ஈரத்துணியை நினை என்று மெல்லச் சொல்கிறாள். அவனும் மூச்சை முழுதும் விடுகிறான். அடுத்த மூச்சுத் தானே உள்ளே வருகிறது.